மூலைக்கு ஓடின காடைகள்

ஒரு குட்டை. குட்டைக்குத் தெற்கால ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகைக்குள்ள முந்நூறு காடைங்க இருந்துச்சு.

காடைன்னா கைக்குள்ள அடங்கற பறவை. உடம்பு சின்னது, பயம் பெருசு. தரையில நெல் உமி பரப்பி விட்டிருந்தாங்க. தட்டுல தீனி, தண்ணி, மேல ரெண்டு ஃபேன். ஒரு குறையும் இல்ல. ஆனா எதுக்கெடுத்தாலும் பயம்.

அதுங்களுக்கு ஒரு தலைவரு உண்டு. பேரு உருண்டையார். பேருக்கு ஏத்த உடம்பு. அவரு தலைவரான கதையும் சின்னதுதான்.

காடைங்க குஞ்சா இருந்தப்போ மார்கழி மாசம். ஒரு நாள் விடியக்காலம் சூட்டுக்குப் போட்டிருந்த பல்பு பியூஸ் போயிடுச்சு. குஞ்செல்லாம் வெடவெடன்னு நடுங்குச்சு. அப்ப உருண்டையார்தான் முதல்ல மூலைக்கு ஓடுனாரு.

"எல்லாரும் இங்க வாங்க! ஒட்டி உட்காருங்க!"

ஒட்டி உட்கார்ந்தாங்க. ஒருத்தர் சூட்டுல ஒருத்தர் பிழைச்சாங்க. அடியில சிக்குன ஆறு குஞ்சு மட்டும் மூச்சு முட்டிச் செத்துப் போச்சு. ஆனா செத்தவங்க எந்திரிச்சு வந்து குறை சொல்ல மாட்டாங்க இல்லையா? அதனால உருண்டையார் தலைவராயிட்டாரு.

அன்னிலிருந்து கொட்டகையில ஒரே சட்டம். "பயமா? மூலை!"

இடி இடிச்சா மூலை. பல்லி விழுந்தா மூலை. வீட்டுக்குள்ள குக்கர் விசில் அடிச்சாக்கூட மூலை. உருண்டையார் முதல்ல ஓடுவாரு. மூலையோட கடைக்கோடி அவருக்கு ஒதுக்குன இடம். அது மரியாதை.

ஒருத்தி மட்டும் எப்பவும் கடைசி. பேரு கோணக்காலி. பொரிஞ்ச நாள்லேர்ந்தே வலது கால் கோணல். தத்தித் தத்தி அவ மூலைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பயமே தீர்ந்து போயிடும்.

"வந்துட்டியாடி? சரி, அடுத்த இடிக்கு இப்பவே கிளம்பு!"ன்னு மத்த காடைங்க கேலி பண்ணும்.

"கிளம்பறேங்க்கா! எனக்கும் ஒரு இடம் போட்டு வைங்க!"ன்னு அவளும் சிரிச்சுக்குவா.

கொட்டகைக்கு வெளியில ஒரு நாய். பேரு கருவாயன். காவல்தான் அவன் வேலை. ஆனா அவன்மேல ஒரு கெட்ட பேரு இருந்துச்சு.

மாசி மாசம் ஒரு கீரி வந்து ரெண்டு காடையத் தூக்கிட்டுப் போயிடுச்சு. கருவாயன் விரட்டிக்கிட்டு ஓடுனான். கீரி தப்பிச்சிடுச்சு. அது வாயிலேர்ந்து விழுந்த காடை இறகு ஒண்ணு கருவாயன் மூக்குல வந்து ஒட்டிக்கிச்சு. அந்த நேரம் பார்த்துக் கொட்டகைக்காரி பூவாத்தா வந்தா. இறகைப் பார்த்தா. விளக்குமாத்த எடுத்தா.

"இன்னொருக்கா கொட்டகைக்குள்ள உன்ற மூக்கு நீண்டுச்சுன்னா, பால்வண்டியில ஏத்தி விட்ருவேன்! எந்த ஊருல இறங்கறயோ, அதுதான் உன்ற ஊரு!"

சும்மா சொல்ற பேச்சில்ல அது. பக்கத்துத் தோட்டத்து மணியன் அப்படிப் போனவன்தான். இன்னும் வரல. அந்த விளக்குமாறும் அன்னிலேர்ந்து கொட்டகைக் கதவுக்குப் பக்கத்துலயே சாஞ்சு நின்னுச்சு. கருவாயன் தினமும் அதைப் பார்த்துக்கிட்டுத்தான் தூங்குவான்.

இத்தனைக்கும் கதவோட கொக்கிய மூக்கால தூக்கி விடலாம்னு அவனுக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். தெரிஞ்சும் தூக்காம இருந்ததுக்கு யாரும் அவனுக்கு மாலை போடல.

சித்திரை முடியற சமயம். கத்திரி வெயில். பூவாத்தா தன் அண்ணன் பேத்தியோட காதுகுத்துக்கு விடியறப்பவே கிளம்பிட்டா.

மத்த நாள்ல அவ ரொம்பக் கண்டிப்பு. தீனி விடியக்காலம் ஒரு தடவை, பொழுது சாஞ்சு ஒரு தடவை. வெயில் ஏறுனா தட்டை எடுத்துடுவா. தண்ணியில எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, கொஞ்சம் வெல்லம் கரைச்சு வைப்பா. கூரை மேல ஈரச் சாக்கு போடுவா. அன்னிக்கு அவசரம். தட்டு நிறையத் தீனியக் கொட்டி, தண்ணிய ஊத்தி, ஃபேனைப் போட்டுட்டுப் போயிட்டா. முந்தின நாள் காத்தும் மழையும் அடிச்சதால ரெண்டு பக்கமும் கம்பிவலை மேல சாக்குப் படுதாவ இறக்கிக் கட்டியிருந்தா. அதைச் சுருட்டி விட மறந்துட்டா.

காடைங்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

"இன்னிக்குத் தட்டை எடுக்க ஆளில்ல! தின்னுங்க!"ன்னாரு உருண்டையார்.

கருவாயன் படுதா ஓட்டை வழியா எட்டிப் பார்த்தான்.

"பெரியவரே, வெயில் ஏறுது. இப்பத் திங்காதீங்க. தின்னது செரிக்கறப்போ உடம்புக்குள்ள சூடு கிளம்பும். அதான் அந்தம்மா தட்டை எடுக்கறாங்க."

"அடடே! எங்க சாப்பாட்டைப் பத்தி நாய்க்கு என்ன கவலை? உன் கண்ணு தீனி மேலயா, எங்க மேலயா?"

"உங்க மேலன்னா, நல்லாக் கொழுக்கட்டும்னு பேசாம இருந்திருப்பேனே!"

உருண்டையார் வீம்புக்கு இன்னும் நாலு வாய் சேர்த்துத் தின்னாரு.

பதினொரு மணிக்குக் கரண்ட் போச்சு.

ரெண்டு ஃபேனும் சுத்திச் சுத்தி நின்னுச்சு. மேல தகரம் காஞ்சுது. ரெண்டு பக்கமும் படுதா. உள்ள காத்தும் இல்ல, காத்து வர வழியும் இல்ல. கொஞ்ச நேரத்துல காடைங்க வாயைத் திறந்துக்கிச்சு. இறக்கையைத் தூக்கிக்கிச்சு. தொண்டை படபடன்னு துடிச்சுது.

"ஏனுங்க, எனக்கு மயக்கமா வருதுங்க"ன்னு சொன்ன ஒரு காடை அப்படியே சாஞ்சு விழுந்துச்சு. எந்திரிக்கவே இல்ல.

எல்லாரும் உருண்டையாரப் பார்த்தாங்க. அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அதைச் சொன்னாரு.

"பயமா? மூலை!"

இருநூத்துத் தொண்ணூத்தியெட்டு காடைங்க மூலைக்கு ஓடுச்சு. ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறுனாங்க. கோணக்காலி மட்டும் பாதி வழியில மூச்சு வாங்கி, நடுக்கொட்டகையிலயே படுத்துட்டா.

மூலையில இன்னும் சூடு ஏறுச்சு. சூடு ஏற ஏறப் பயம் ஏறுச்சு. பயம் ஏற ஏற இன்னும் நெருக்கிக்கிட்டாங்க.

கருவாயன் இதை வெளியில இருந்து பார்த்தான். ஒரே ஓட்டமாக் குட்டைக்கு ஓடுனான். அங்க மந்தாரைங்கற எருமை தண்ணிக்குள்ள கிடந்தா. மூக்கு மட்டும் வெளியில தெரிஞ்சுது.

"அக்கா! காடைங்க வேகுது! எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணாக் கிடக்கு!"

"வெயில்ல எதுக்கு ஒட்டிக்கிட்டு? என் சொந்த மகளையே வெயில் நேரத்துல நாலு முழம் தள்ளித்தான் படுன்னு சொல்லுவேன்."

"அதுங்களுக்கு அந்த ஒரு பழக்கம்தான் தெரியும். அக்கா, நீ வந்து படுதாவக் கிழிச்சு விடறயா?"

"நானா? நான் கொம்பை மாட்டுனா படுதாவோட கொட்டகையும் சேர்ந்து வரும். உனக்குப் பல்லு இருக்குல்ல?"

கருவாயன் தலையைத் தொங்கப் போட்டான்.

"நான் கிழிச்சா எனக்கு வீடு போயிடும்க்கா. பால்வண்டிதான்."

"கிழிக்காட்டி?"

"காடைங்க போயிடும்."

மந்தாரை கொஞ்ச நேரம் அசை போட்டா. எருமை அவசரப்பட்டு எதுவும் சொல்லாது.

"பால்வண்டியில போனவன் என்னிக்காவது திரும்பி நடந்து வரலாம். செத்த காடை நடந்து வராது."

"மணியன் வரலியே!"

"அவன் வண்டியில தூங்கியிருப்பான். நீ வழியப் பார்த்துக்கிட்டே போ."

இது ஆறுதலா கேலியான்னு கருவாயனுக்குப் புரியல. யோசிக்க நேரமும் இல்ல. திரும்பி ஓடுனான்.

குட்டைப் பக்கத்துப் படுதாவப் பல்லால கவ்வி இழுத்தான். சாக்கு டர்ருன்னு கிழிஞ்சுது. அந்தப் பக்கம் போய் அடுத்ததையும் இழுத்தான். ஒரு பக்கம் திறந்தா காத்து எட்டிப் பார்த்துட்டுப் போயிடும். ரெண்டு பக்கம் திறந்தாத்தான் உள்ள நுழைஞ்சு நடந்து போகும். குட்டைக் காத்து கொட்டகை நடுவுல சிலுசிலுன்னு நடந்து போச்சு.

ஆனா மூலைக்குப் போகல. அங்க காடைங்க சுவரு மாதிரி இருந்துச்சு.

"பிரிஞ்சு போங்க! தள்ளித் தள்ளிப் போங்க!"ன்னு கருவாயன் கத்துனான்.

"ஐயோ, நாய் கத்துது! இன்னும் நெருக்குங்க!"ன்னு உள்ளேயிருந்து சத்தம் வந்துச்சு.

கருவாயன் வாயை மூடிக்கிட்டான். உதவி பண்ண வந்தவன் குரலே ஆளைக் கொல்லுதுன்னா என்னதான் பண்றது?

அப்பத்தான் நடுவுல கிடந்த கோணக்காலி அவன் கண்ணுல பட்டா.

"ஏய் பொண்ணு! நீ எப்படி நல்லா இருக்க?"

"நான் எங்கண்ணா நல்லா இருக்கேன்? ஓட முடியாமப் படுத்துட்டேன்." சொல்லிட்டுக் கோணக்காலி கழுத்தை நீட்டிப் பார்த்தா. "ஆமா... காத்து படுது. மூச்சு விட முடியுது. அண்ணா, தனியா இருக்கறதாலதான் நல்லா இருக்கேன் போல!"

"அதை அவங்ககிட்டச் சொல்லு!"

"கடைசியா வர்றவ பேச்சை யாரு கேட்பா?"

"அப்ப நான் உள்ள வந்துதான் பிரிச்சு விடணும்."

"நீங்க உள்ள வந்தா பயத்துலயே செத்துருவாங்க!"

"வராட்டி வெந்தே செத்துருவாங்க!"

கோணக்காலி மூலையப் பார்த்தா. மேல இருந்த காடைங்க கண்ணு சொருகிக்கிட்டு இருந்துச்சு.

"வாங்க. ஆனா நிக்காதீங்க. வந்ததும் படுத்துக்கங்க. நான் உங்ககிட்ட வந்து உட்கார்றேன். அவங்க பார்க்கட்டும்."

"உனக்குப் பயமில்லியா?"

"இருக்கு. ஓட முடியாதவ பயந்து என்ன ஆகப் போகுது?"

கருவாயன் விளக்குமாத்த ஒரு தடவை பார்த்தான். அப்புறம் கொக்கிய மூக்கால தூக்குனான். கதவு திறந்துச்சு. வயித்தை உமியில தேய்ச்சுக்கிட்டே நகர்ந்து போய், நடுவுல மோவாயத் தரையில வச்சுப் படுத்தான். கோணக்காலி தத்தித் தத்தி வந்து, அவன் முன்னங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, இறக்கையை விரிச்சு உட்கார்ந்தா.

"அக்கா! அண்ணா! இங்க பாருங்க! காத்து இங்க இருக்கு! இவரு ஒண்ணும் பண்ணல! தள்ளித் தள்ளி உட்காருங்க!"

மேல இருந்த ஒரு காடை ஒத்தைக் கண்ணைத் திறந்து பார்த்துச்சு.

"அட, கோணக்காலி இன்னும் உயிரோட இருக்காளே!"

அது மெல்ல உருண்டு இறங்குச்சு. ரெண்டடி வந்துச்சு. காத்து மேல பட்டுச்சு. கழுத்தை நீட்டிக்கிட்டு அங்கேயே உட்கார்ந்துடுச்சு. அதைப் பார்த்து இன்னொண்ணு. அப்புறம் பத்து. அப்புறம் எண்ண முடியல. யாரும் யாரையும் தொடாம உமி முழுக்கப் பரவுனாங்க.

மூலையில அடியில கிடந்தவங்க மட்டும் எந்திரிக்கல. அதுல ஒரு குரல் மட்டும் முனகிக்கிட்டு இருந்துச்சு.

"மூலை... மூலை..."

உருண்டையார்தான். முதல்ல ஓடுனவரு. மரியாதையான இடம் அவருக்கு. மொத்த ஊரும் அவரு மேலதான் ஏறியிருந்துச்சு.

கருவாயன் நகர்ந்து போய் அவரை வாயில கவ்வித் தூக்குனான்.

கொட்டகையே மூச்சை நிறுத்திக்கிச்சு. நாய் வாயில தலைவரு! அதுவும் கொழுத்த தலைவரு! எத்தனையோ நாள் கருவாயன் கனவுல வந்த அதே காடை. அவன் வாயெல்லாம் எச்சில் ஊறுச்சு. ஆனா முழுங்கல. முழுங்குனா கூடவே தலைவரும் போயிடுவாரு.

தண்ணித் தட்டுகிட்டக் கொண்டு போய் மெல்ல இறக்கி வச்சான். அதே நேரம் மந்தாரை குட்டையில இருந்து எந்திரிச்சு வந்து, கம்பிவலைக்கு வெளியில நின்னு தலையை ஒரு உதறு உதறுனா. சேறும் தண்ணியுமா உள்ள தெறிச்சுது. அன்னிக்கு யாரும் சேத்தைப் பத்திக் குறை சொல்லல.

உருண்டையார் கண்ணைத் திறந்தாரு.

"டேய்... நீ என்னக் கடிச்சுட்டியா?"

"கடிச்சிருந்தா இந்தக் கேள்விய என் வயித்துக்குள்ள இருந்து கேட்டிருப்பீங்க, பெரியவரே!"

உருண்டையார் ரெண்டு சொட்டுத் தண்ணி குடிச்சாரு. மூலையத் திரும்பிப் பார்த்தாரு. பதினாலு காடை அங்க கிடந்துச்சு. எல்லாம் அவரு சொன்னதும் முதல்ல ஓடி வந்தவங்க. அவரு பேச்சைத் தட்டாதவங்க.

கருவாயன் வெளியில போயிருக்கலாம். ஆனா அவன் எந்திரிச்சாலே காடைங்க மிரண்டு மறுபடி ஒண்ணு சேர்ந்துருமோன்னு பயம். அதனால அங்கேயே படுத்துக் கிடந்தான்.

மூணு மணிக்குப் பூவாத்தா வந்தா. ஊர்ல கரண்ட் இல்லைன்னு கேள்விப்பட்டு, பந்தியில பாதியிலயே எந்திரிச்சு ஓடி வந்திருந்தா. முதல்ல கிழிஞ்ச படுதாவப் பார்த்தா. அப்புறம் திறந்த கதவு. அப்புறம் உள்ள படுத்திருக்கற நாய்.

"அடப்பாவி! உன்னை நம்பித்தானடா விட்டுட்டுப் போனேன்!"

விளக்குமாறு கையில ஏறுச்சு. கருவாயன் ஓடல. கண்ணை மட்டும் மூடிக்கிட்டான். காதுக்குள்ள பால்வண்டிச் சத்தம் கேட்டுச்சு.

காடைங்க மிரண்டு போச்சு. அத்தனை கழுத்தும் தலைவர் பக்கம் திரும்புச்சு. உருண்டையாருக்குப் பழக்கம் வாய்க்கு வந்துடுச்சு.

"பயமா?"ன்னு கத்திட்டாரு.

எல்லாரும் ஓடறதுக்குக் காலை எடுத்துட்டாங்க. மூலையில பதினாலு பேர் கிடக்கறது மறுபடி அவரு கண்ணுல பட்டுச்சு. அடுத்த வார்த்தைய முழுங்குனாரு.

"பயமா? பரவாயில்ல! அவங்கவங்க இடத்துலயே இருங்க! நாம ஓடுனா இந்த நாய்க்கு வீடு இல்ல!"

சொல்லிட்டு அவரே தள்ளாடித் தள்ளாடி நடந்து போய், கருவாயன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாரு. அவரு அசையல. ஒரு காடையும் அசையல.

ஓங்குன விளக்குமாறு அந்தரத்துல நின்னுச்சு.

பூவாத்தாவுக்குக் காடை வளர்க்கத் தெரியும். பல்லி விழுந்தாலே மூலைக்கு ஓடற ஜாதி இது. நடுவுல நாய் படுத்திருக்கு. சுத்தி இத்தனை காடை இறக்கையை விரிச்சு உட்கார்ந்திருக்கு. இது எப்படி?

மூலைக்குப் போய்ச் செத்ததைப் புரட்டிப் பார்த்தா. பல்லுப் பட்ட இடம் இல்ல. ரத்தம் இல்ல. இரைப்பை மட்டும் கல்லு மாதிரி நிறைஞ்சிருந்துச்சு. தீனித் தட்டப் பார்த்தா. நின்னு போன ஃபேனைப் பார்த்தா. கிழிஞ்ச படுதாவோட கீழ்முனையில, நேத்து அவ போட்ட முடிச்சு அப்படியே இருந்துச்சு.

"அய்யோ சாமி! படுதாவச் சுருட்டாமப் போயிட்டேனே! தட்டையும் எடுக்காமப் போயிட்டேனே! இந்த வாயில்லாத சீவன் வந்து கிழிச்சு விட்டிருக்குதே!"

உமியிலயே உட்கார்ந்துட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு எந்திரிச்சு, குட்டைத் தண்ணிய மொண்டு மொண்டு கூரை மேல ஊத்துனா.

கருவாயன்கிட்ட அவ மன்னிப்பெல்லாம் கேட்கல. மனுசங்க நாய்கிட்ட அதெல்லாம் கேட்கறதில்ல. ஆனா மாசி மாசத்துல இருந்து கொட்டகைக் கதவுல நின்ன விளக்குமாறு அன்னிக்குத்தான் திரும்ப வாசல் கூட்டப் போச்சு. காதுகுத்துல இருந்து இலையில மடிச்சுக் கொண்டு வந்த கறி அந்த இடத்துக்கு வந்துச்சு.

அடுத்த வாரம் கூரை மேல தென்னங்கீத்து ஏறுச்சு. தீனித் தட்டு வெயிலுக்கு முன்னாடியே வெளியில போச்சு. இந்தத் தடவை உருண்டையாரே முன்னால நின்னு, "போதும், போதும், எடுத்துக்கிட்டுப் போகட்டும்!"ன்னாரு.

கொட்டகையில மரியாதையான இடமும் மாறிடுச்சு. இப்பெல்லாம் அது நடுவுல, காத்து நடந்து போற பாதையில இருக்கு. அங்க கோணக்காலிதான் உட்கார்றா.

"தலைவரே, நீங்களும் இங்க வாங்களேன்!"ன்னு ஒரு நாள் அவ கூப்பிட்டா.

"வரேன் கண்ணு. ஆனா ஒரு சாண் தள்ளித்தான் உட்காருவேன்!"

வெளியில படுத்திருந்த கருவாயன் வாலை ஆட்டுனான். ஆனா உள்ள வரல. கேட்டதுக்கு, "கனவு இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு, எதுக்கு வம்பு?"ன்னுட்டான்.

குளிருல உயிரைக் காப்பாத்துன பழக்கமே வெயில்ல உயிரை எடுத்துடும். அதனால பயம் வந்தா பழகுன இடத்துக்கு ஓடறதுக்கு முன்னாடி, இன்னிக்கு என்ன காலம்னு நின்னு பார்த்து நடக்கறவங்கதான் பிழைப்பாங்க.